டர்பன் கடைகளின் பழைய கோல்ட் ரூம்: கேஸை மாற்றுவதா, மெஷினையே மாற்றுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் பத்துப் பதினைந்து வருடமாக ஓடும் கோல்ட் ரூம் என்ற குளிர்பதன அறைகளைத் திறந்து பார்த்தால், குளிரூட்டும் கேஸாகப் பெரும்பாலும் ஆர்404ஏ-தான் இருக்கும். அதைவிடப் பழையதில் ஆர்22. இரண்டுக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. மாற்று என்ன என்று கேட்டால், கேஸ் விற்பவர் புதுக் கேஸைச் சொல்வார், மெஷின் விற்பவர் புது மெஷினைச் சொல்வார், சோலார் விற்பவர் கூரையைப் பார்ப்பார். யார் சொல்வது உங்கள் கடைக்குப் பொருந்தும் என்று தெரிய இரண்டு காகிதங்கள் போதும்: போன வருடம் மெக்கானிக் கொடுத்த பில்கள், போன வருட மின்கட்டண ரசீதுகள்.

மெக்கானிக் பில்லில் எத்தனை கிலோ கேஸ் அடித்தார் என்று கூட்டுங்கள். ஆர்404ஏ-வின் புவிவெப்பத் திறன் 3,922. அதாவது ஒரு கிலோ கசிந்தால் 3.9 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியே விட்டதற்குச் சமம். அடித்த கேஸ் எல்லாம் ஏற்கெனவே கசிந்த கேஸுக்கு ஈடுதான், ஆகவே கிலோவை 3.9-ஆல் பெருக்கினால் டன் கிடைத்துவிடும். மின்சாரக் கணக்கு இன்னும் சுலபம். நாட்டின் மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவதால் ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணிக்கு) ஏறத்தாழ 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

ஒரு சராசரிக் கடையை எடுத்துக்கொள்வோம். காய்கறிக்கும் பாலுக்கும் 3 மீட்டருக்கு 3 மீட்டர், 2.4 மீட்டர் உயரத்தில் ஒரு அறை, 2 டிகிரி. மீனுக்கும் ஆட்டிறைச்சிக்கும் அதைவிடச் சற்றுச் சிறிய ஃப்ரீசர் அறை, மைனஸ் 18. இரண்டு மெஷினிலும் சேர்த்து 7 கிலோ ஆர்404ஏ. நாளொன்றுக்கு 65 யூனிட் என்று வைத்தால் ஆண்டுக்கு 23,700 யூனிட், அதாவது 23.7 டன். கேஸ் ஆண்டுக்கு 15 சதவீதம் கசிந்தால் 1.05 கிலோ, 4.1 டன். மொத்தம் 28 டன்னுக்குச் சற்றுக் குறைவு. இதில் கேஸின் பங்கு ஏழில் ஒன்றுதான்.

ஆனால் பல கடைகளில் நிலைமை இப்படி இல்லை. கோடை தொடங்கும்போது ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று மூன்றரை கிலோ என்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே ஆண்டுக்கு 7 கிலோ, 27 டன். மின்சாரம் முழுவதையும் கேஸ் மிஞ்சிவிடுகிறது. முதல் கடைக்குச் சொல்லும் யோசனை இரண்டாவது கடைக்குப் பொருந்தாது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

எந்த வழியானாலும் முதலில் கதவு

டர்பனின் காற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. 28 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்பது ஜனவரி, பிப்ரவரியில் சாதாரணம். மேலே சொன்ன 2 டிகிரி அறையின் கொள்ளளவு 21.6 கன மீட்டர். கதவைத் திறந்துவைத்து உள்காற்று ஒரு முறை முழுதாக வெளிக்காற்றாக மாறினால், அதைக் குளிர வைக்க ஏறத்தாழ 0.45 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதோடு 380 கிராம் அளவுக்கு நீர் உள்ளே வந்து, குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் பனியாகப் படியும். அதே 28 டிகிரி ஜோஹானஸ்பர்க்கின் வறண்ட காற்றாக இருந்தால் சுமை இதைவிட வெகு குறைவாகத்தான் இருக்கும். உள்நாட்டில் எடுத்த சேமிப்புக் கணக்கை டர்பன் கடைக்கு அப்படியே நீட்டும் விற்பனையாளரிடம் இதைக் கேட்கலாம்.

பனி படிந்தால் அதை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டர் அதிகம் ஓடும். அந்த ஹீட்டர் கொடுத்த சூட்டை மறுபடி கம்ப்ரஸர் வெளியேற்ற வேண்டும். ஆக ஈரத்துக்கு இரண்டு முறை காசு. கதவு விளிம்பின் ரப்பர் கேஸ்கட்டுக்குள் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கேஸ்கட் போய்விட்டது. பிளாஸ்டிக் பட்டைத் திரை ஒன்றன்மேல் ஒன்று பாதியாவது படிய வேண்டும், தரையைத் தொட வேண்டும். பலர் தள்ளுவண்டிக்கு இடைஞ்சல் என்று நடுவில் நான்கு பட்டைகளை வெட்டிவிடுவார்கள். பிறகு அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடுத்தது, உள்ளே எடுத்த சூட்டை வெளியே விடும் கண்டென்சர். கடல் உப்பு அலுமினியத் தகடுகளை அரிக்கும், மசாலா அரைக்கும் கடைகளில் மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடைக்கும். கண்டென்சிங் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் கூடும். அடைத்த கண்டென்சரில் 8 டிகிரி ஏறுவது அபூர்வமல்ல, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் வீண். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் கழுவ வேண்டும். ஹை பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும். தகரக் கூரையின்மேல் வைத்த கண்டென்சர் நண்பகலில் 40 டிகிரிக் காற்றை இழுக்கும். அதை நிழலான பக்கச் சுவருக்கு மாற்றுவது எந்தப் புதுக் கேஸும் தராத லாபம்.

இவற்றைச் செய்யாமல் மெஷினை மாற்றுபவர், பழைய ஓட்டைச் சுமைக்கு அளவெடுத்துப் பெரிய மெஷினாக வாங்கிவிடுவார். கதவைச் சரி செய்து ஒரு மாதம் மீட்டரைப் பார்த்த பிறகு அளவெடுப்பதுதான் முறை.

இருப்பதையே சரி செய்து ஓட்டுவது

மெஷினுக்கு இன்னும் இரண்டு மூன்று வருட ஆயுள்தான் என்றால் இதுவும் ஒரு நியாயமான வழிதான், கசிவை உண்மையில் அடைத்தால். கசியும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவை: குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகள், மூடி தொலைந்த ஷ்ரேடர் வால்வுகள் (கேஸ் அடிக்கும் வாய்கள்), கம்ப்ரஸர் அதிர்வில் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய கேப்பிலரிக் குழாய்கள், அறைக்குள் இருக்கும் எவாப்பரேட்டர் காயிலின் வளைவுகள். எண்ணெய்க் கறை தெரியும் இடத்தில் சோப்புத் தண்ணீரை வைத்தாலே பாதி பிடிபடும். மீதிக்கு உலர்ந்த நைட்ரஜனை ஏற்றி ஒரு இரவு அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். "கேஸ் குறைந்திருக்கிறது, அடித்துவிட்டேன்" என்று முடிக்கும் மெக்கானிக் கசிவைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்.

இந்த வழிக்கு எதிராக இருப்பது சட்டமும் விலையும். இந்தக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கும் உலக ஒப்பந்தமான கிகாலி திருத்தத்தைத் தென்னாப்பிரிக்கா 2019-இல் ஏற்றது. 2024 முதல் ஆர்404ஏ வகைக் கேஸ்களுக்கு உச்சவரம்பு. 2029-இல் 10 சதவீதம், 2035-இல் 30, 2040-இல் 50, 2045-இல் 80 சதவீதம் குறைக்க வேண்டும். இந்த வரம்பு சிலிண்டரின் எடையில் இல்லை, கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான எடையில். ஒரு கிலோ ஆர்404ஏ கொண்டுவரும் இடத்தில், அடுத்து வரும் ஆர்449ஏ-வை இரண்டே முக்கால் கிலோவுக்கும் மேல் கொண்டுவரலாம். ஆகவே இறக்குமதி செய்பவர் முதலில் கைவிடப்போவது ஆர்404ஏ-வைத்தான்.

ஆர்448ஏ, ஆர்449ஏ: மெஷின் பழையது, கேஸ் புதியது

இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். புவிவெப்பத் திறன் முறையே 1,387, 1,397. நமது மாதிரிக் கடையில் கசிவுக் கணக்கு 4.1 டன்னிலிருந்து 1.5 டன்னாக இறங்கும். மின்சாரத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். செலவு குறைவு, கடையை ஒரு நாள் மூடினால் வேலை முடிந்துவிடும். கம்ப்ரஸருக்கு ஐந்து வயதுக்குள் என்றால் இதுதான் புத்திசாலித்தனம். பத்து வயது தாண்டிய மெஷினுக்குள் இதை அடிப்பது வீண் செலவு.

"ட்ராப்-இன்" என்று சொல்லி விற்பார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினால் ஓடும் என்பது பாதி உண்மை. செய்ய வேண்டியது இது. பழைய கேஸை ரிகவரி மெஷினால் சிலிண்டருக்குள் இழுத்து எடை போட வேண்டும். அந்த எடைதான் உங்கள் மெஷினில் உண்மையில் எவ்வளவு கேஸ் இருந்தது என்பதற்கான ஒரே சான்று. ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையர் புதிதாக மாற வேண்டும். ஓ-ரிங், ஷ்ரேடர் கோர் போன்ற ரப்பர் பாகங்கள் பழைய கேஸில் ஊறி உப்பியிருக்கும், புதுக் கேஸில் சுருங்கிக் கசியும். அவற்றையும் மாற்ற வேண்டும். ஆர்404ஏ மெஷினில் ஏற்கெனவே பிஓஇ என்ற செயற்கை எண்ணெய் இருக்கும், அது தொடரலாம். ஆர்22 மெஷின் என்றால் மினரல் எண்ணெயை வடித்து பிஓஇ ஊற்ற வேண்டும். பம்பால் உள்காற்றை உறிஞ்சும்போது வேக்குவம் 500 மைக்ரான் வரை இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்க வேண்டும். கேஸைச் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும், ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறிவிடும். பழைய அளவில் 90 சதவீதத்தில் தொடங்கி, ஓடவிட்டுப் பார்த்துச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். இந்தக் கலவைகள் ஆவியாகும்போது வெப்பநிலை ஒரே இடத்தில் நிற்காது, 4 முதல் 6 டிகிரி வரை நகரும். சூப்பர்ஹீட்டை (ஆவியான பிறகு கேஸ் ஏறும் கூடுதல் சூட்டை) ட்யூ அட்டவணையிலும் சப்கூலிங்கை (திரவமான பிறகு இறங்கும் கூடுதல் குளிர்ச்சியை) பபிள் அட்டவணையிலும் பார்க்க வேண்டும். கேஜில் இருக்கும் ஆர்404ஏ வளையத்தைப் பார்த்து காயிலுக்குப் போகும் திரவத்தை அளக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வைத் திருகினால், ஒன்று திரவம் கம்ப்ரஸருக்குத் திரும்பும், இல்லையென்றால் காயில் பாதி பட்டினி கிடக்கும். அழுத்தம் குறைந்தால் மெஷினை நிறுத்தும் லோ பிரஷர் கட்-அவுட்டையும் மாற்றி வைக்க வேண்டும். அதே வெப்பநிலைக்கு இந்தக் கேஸின் அழுத்தம் குறைவு என்பதால் பழைய அமைப்பில் ஃப்ரீசர் மெஷின் காரணமில்லாமல் நின்று நின்று ஓடும்.

ஃப்ரீசருக்கு இன்னொரு கவலை டிஸ்சார்ஜ் சூடு, அதாவது கம்ப்ரஸரை விட்டு வெளிவரும் கேஸின் சூடு. ஆர்404ஏ-வை விட 10 டிகிரிக்கு மேல் கூடுதலாக வரும். கம்ப்ரஸரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி டிஸ்சார்ஜ் குழாயில் தெர்மாமீட்டரைக் கட்டி, வெயில் உச்சத்தில் பாருங்கள். 105 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் கெடத் தொடங்கும். கம்ப்ரஸரைக் குளிர்விக்க ஹெட் ஃபேனோ லிக்விட் இன்ஜெக்ஷனோ வைக்க வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் சில ஃப்ரீசர்களுக்கு இந்த மாற்றம் மலிவாகத் தெரியாது. 2 டிகிரி அறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதே வரிசையில் ஆர்454சி, ஆர்455ஏ என்று புவிவெப்பத் திறன் 150-க்குக் கீழான கேஸ்களும் வந்துவிட்டன. மெதுவாக எரியக்கூடியவை என்பதால் இவற்றைப் பழைய மெஷினில் ஊற்றக் கூடாது, அவற்றுக்கென்றே செய்த புது மெஷின் வேண்டும். புது மெஷின்தான் வாங்கப்போகிறோம் என்றால் அடுத்து வரும் புரொப்பேனை விட்டு இதற்கு வருவதற்குச் சிறு கடைக்குக் காரணமே இல்லை. இவற்றின் பெரும்பகுதியான ஆர்1234ஒய்எஃப் காற்றில் சிதைந்து டிஎஃப்ஏ என்ற எளிதில் அழியாத அமிலமாகி மழையோடு தரைக்கு வருகிறது என்பதால் ஐரோப்பாவில் இவற்றின்மேல் கண் விழுந்திருக்கிறது.

புரொப்பேன் மோனோபிளாக்

ஆர்290 என்பது சுத்திகரித்த புரொப்பேன். புவிவெப்பத் திறன் 3. மோனோபிளாக் என்றால் கம்ப்ரஸர், கண்டென்சர், எவாப்பரேட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே ஒரே பெட்டியாக மூடி, கேஸும் நிரப்பி வருவது. அறையின் சுவரிலோ கூரையிலோ சதுர ஓட்டை வெட்டி, குளிர் பக்கம் உள்ளே, சூட்டுப் பக்கம் வெளியே வருமாறு மாட்டி, விளிம்பை ஃபோம் வைத்து அடைத்தால் முடிந்தது. கடையில் யாரும் குழாய் பற்றவைக்க வேண்டியதில்லை. ஃப்ளேர் நட்டே இல்லாததால் கசிவின் பாதிக் காரணங்கள் காணாமல் போய்விடுகின்றன.

தீப்பிடிக்காதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பல மெஷின்களில் ஒரு சுற்றுக்கு 150 கிராம்தான் கேஸ். 2019-இல் சர்வதேசத் தரம் இந்த வகைக் கருவிகளுக்கு வரம்பை ஏறத்தாழ 500 கிராம் வரை உயர்த்தியது. புரொப்பேன் எரிய வேண்டுமென்றால் ஒரு கன மீட்டர் காற்றில் குறைந்தது 38 கிராம் இருக்க வேண்டும். நமது 21.6 கன மீட்டர் அறையில் 150 கிராமும் கசிந்து பரவினால் கன மீட்டருக்கு 7 கிராம். எரியும் அளவில் ஐந்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் "பரவினால்" என்பதுதான் முக்கியம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். விசிறி நின்றிருந்தால் தரையோரம் தேங்கும். ஆகவே அறைக்குள் சாதாரண சுவிட்ச், தளர்ந்த பிளக், பழைய பல்பு ஹோல்டர் போன்று பொறி பறக்கும் எதுவும் தரையோரம் இருக்கக் கூடாது. வெளிப்பக்கம் அடுப்பு, வடிகால் வாய், படிக்கட்டுப் பள்ளம் இவற்றுக்கு மேலே மாட்டக் கூடாது. ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் பன்னி சௌ போடும் கடைகளில் சமையலறைச் சுவர்தான் காலியாக இருக்கும், அங்கே மாட்டச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆர்22 மெஷினில் வீட்டு அடுப்பு கேஸை ஊற்றி ஓட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. அடுப்பு கேஸில் பியூட்டேன் கலப்பு, ஈரம், மணமூட்டும் கந்தகச் சேர்மம் எல்லாம் இருக்கும். மெஷினோ எரியும் வாயுவுக்காகச் செய்தது இல்லை. கிலோக் கணக்கில் எரிவாயு உள்ள ஒரு பெட்டி கடைக்குள் நிற்கும். இன்ஷூரன்ஸும் கை விரித்துவிடும்.

2 டிகிரி அறைக்கு ஒரு சுற்று போதும், டர்பன் வெயிலுக்கு 2 முதல் 2.5 கிலோவாட் குளிர்த்திறன் உள்ளதாகப் பாருங்கள். ஃப்ரீசருக்கு இரண்டு சுற்று உள்ளது நல்லது. ஒன்று பழுதானால் மற்றொன்று சரக்கைத் தாங்கும். டிஸ்சார்ஜ் சூடு புரொப்பேனில் குறைவு என்பது நமது ஊருக்கு ஒரு வசதி. மின்சாரம் பழைய மெஷினோடு ஒப்பிட்டால் 20 சதவீதம் வரை குறையலாம், ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் கேஸுக்குக் கொடுக்க வேண்டாம். பாதியாவது புது விசிறி மோட்டார்களுக்கும் தேவைப்பட்டால் மட்டும் ஓடும் டீஃப்ராஸ்டுக்கும் உரியது. மாதிரிக் கடைக்கு இது ஆண்டுக்கு 19 டன் என்று வரும், கசிவுக் கணக்கு ஏறத்தாழப் பூஜ்யம்.

குறைகளும் உண்டு. கேஸ் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் கண்டென்சர் தகடுகள் மிக நெருக்கமாக இருக்கும், மசாலாத் தூளில் சீக்கிரம் அடைக்கும். 150 கிராமில் 10 கிராம் பிசகினாலே 7 சதவீதம் என்பதால் ரிப்பேருக்கு ஒரு கிராம் காட்டும் தராசு வேண்டும். கேஸை எடுத்து நைட்ரஜன் ஓட்டிய பிறகுதான் குழாயைத் தொட வேண்டும், பற்றவைப்பதற்குப் பதில் அழுத்திப் பொருத்தும் இணைப்பு மேல். மெக்கானிக்கிடம், கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் எஸ்ஏகியூசிசி கேஸ் அமைப்பின் பதிவு அட்டையைக் கேளுங்கள், எந்த வகைக் கேஸுக்குப் பதிவு என்பதையும் பாருங்கள். பிரஷர் எக்விப்மென்ட் ரெகுலேஷன்ஸ் என்ற அழுத்தக் கருவி விதிகளின்படி வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் தர வேண்டியது அவர் கடமை.

வாடகைக் கடைக்காரருக்கு மோனோபிளாக்கில் இன்னொரு லாபம்: குத்தகை முடிந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். பதித்த குழாயையும் கூரைமேல் கண்டென்சரையும் வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

கார்பன் டை ஆக்சைடு மெஷின்

கார்பன் டை ஆக்சைடே குளிரூட்டும் கேஸாக இருக்கும்போது அதன் பெயர் ஆர்744, புவிவெப்பத் திறன் 1. எரியாது. சிக்கல் அழுத்தத்திலும் 31 டிகிரியிலும் இருக்கிறது. 31 டிகிரிக்கு மேல், 73.8 பாருக்கு மேல் இந்தக் கேஸ் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அப்போது மெஷின் 90 பார் அளவுக்கு ஏறி ஓடும், மின்சாரம் கூடும். டர்பனில் பிப்ரவரியின் சராசரி உச்ச வெப்பம் 28 டிகிரி. கண்டென்சரின் இடத்தில் இதற்கு இருக்கும் கேஸ் கூலரிலிருந்து வரும் கேஸ் காற்றைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதால், கோடைப் பகல்கள் சரியாக இந்த விளிம்பின்மேல் விழும். இரவிலும் குளிர்காலத்திலும் நன்றாக ஓடும். தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கும் பேடுகள் ஜோஹானஸ்பர்க்கில் கொடுக்கும் பலனை டர்பனின் ஈரக் காற்றில் கொடுக்காது.

அப்படியானால் இது யாருக்கு? நான்கைந்து அறைகளும் டிஸ்ப்ளே ஃப்ரிட்ஜ்களும் உள்ள இறைச்சிக் கடைக்கு, அதோடு தினமும் வெந்நீர் தேவைப்படும் இடத்துக்கு. கம்ப்ரஸரை விட்டு 100 டிகிரிக்கு மேல் வரும் கேஸிலிருந்து 60 டிகிரி வெந்நீர் எடுக்கலாம். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற கீசருக்கு 7 யூனிட் ஆகும். அது ஆண்டுக்கு 2.5 டன். வெந்நீர் வேண்டாத மளிகைக் கடைக்கு இந்த மெஷினின் பாதிப் பலன் வெளிக்காற்றோடு போய்விடும். இரண்டே அறை உள்ள கடைக்கு யாராவது இதை விலை சொன்னால், புரொப்பேனுக்கும் ஒரு விலை கேட்டுப் பார்ப்பது நல்லது.

மின்வெட்டின்போது என்ன நடக்கும் என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். மெஷின் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் திரவம் சூடேறி, 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 72 பார் என்று அழுத்தம் ஏறும். திரவத்தைச் சேர்த்து வைக்கும் ரிசீவர் தொட்டி அதைத் தாங்கும்படி செய்யப்படவில்லை என்றால் ஒவ்வொரு நீண்ட மின்வெட்டிலும் ரிலீஃப் வால்வு திறந்து கேஸ் போய்விடும். சுற்றுச்சூழலுக்கு அதில் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் மின்சாரம் திரும்பும்போது மெஷினில் கேஸ் இருக்காது, ஃப்ரீசரில் சரக்கு இருக்கும். அடைத்த அறைக்குள் கசிந்தால் ஆளை மயக்கிவிடும் என்பதால் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சென்சார், உள்ளேயும் வாசலிலும் அலாரம், உள்ளிருந்து திறக்கும் கதவு மூன்றும் கட்டாயம். சோடா மெஷினுக்கு வரும் சிலிண்டரை இதில் மாட்டக் கூடாது, அதில் ஈரம் அதிகம்.

அம்மோனியா துறைமுகக் குளிர் கிடங்குகளுக்கும் பழ ஏற்றுமதிக்கும் உரியது. திறமையில் அதற்கு நிகரில்லை. கடைத்தெருவில், மேலே குடியிருப்பு இருக்கும் கட்டடத்தில் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

லோட் ஷெடிங்கும் சோலாரும்

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2023-இல் இருந்த மாதிரி இப்போது இல்லை என்பதால் அதை மறந்துவிட்டு மெஷின் வாங்க முடியாது. ஃப்ரீசரில் 500 கிலோ உறைந்த இறைச்சி இருந்து கதவையும் திறக்காவிட்டால், 2 மணிநேர வெட்டில் மைனஸ் 18 என்பது மைனஸ் 15 அளவுக்குத்தான் ஏறும். நிறைந்த ஃப்ரீசருக்குச் சரக்கே பேட்டரி. அரைகுறையாக இருக்கும் ஃப்ரீசருக்குத்தான் உதவி தேவை. 23 சதவீத உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரியில் உறையும்; அப்படிப்பட்ட 30 கிலோ தட்டுகளை மேற்கூரையில் தொங்கவிட்டால் 4 மணிநேரம் தாங்கும். 2 டிகிரி அறைக்குச் சாதாரணத் தண்ணீர்ப் பனிக்கட்டி 22 கிலோ இதே வேலையைச் செய்யும். இவற்றை உறைய வைக்கக் காயில் இன்னும் குளிராக ஓட வேண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் 2 முதல் 3 சதவீதம் கூடுதல் மின்சாரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் திரும்பும்போது எல்லா மெஷின்களும் ஒரே நொடியில் எழக் கூடாது: முதல் மெஷினுக்கு 3 நிமிடம், அடுத்ததற்கு 5 நிமிடம் என்று டைமர் வையுங்கள், மின்னழுத்தப் பாய்ச்சலுக்குச் சர்ஜ் புரொடெக்டர் வையுங்கள். லோட் ஷெடிங் காலத்தில் பல கம்ப்ரஸர்கள் செத்தது இந்தப் பாய்ச்சலால்தான்.

டர்பனில் ஒரு கிலோவாட் சோலார் பலகை ஆண்டுக்கு 1,400 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். 5 கிலோவாட் என்றால் 7,000 யூனிட், 7 டன். கோல்ட் ரூம் அதிகம் உழைப்பது பகலில் என்பதால் பேட்டரி இல்லாமலேயே பெரும்பகுதி பயனாகிவிடும். ஆர்449ஏ-க்கு மாறிச் சேமிக்கும் 2.6 டன்னோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஏழு கிலோ கேஸ் அடிக்கும் கடைக்காரர் மட்டும் இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டாம், அவருக்குக் கசிவுதான் முதல் வேலை.

கோயில் சமையலறைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஒரு வார்த்தை. காவடிக்கும் புரட்டாசி சனிக்கிழமைகளுக்கும் மட்டும் நிறைந்து, மற்ற நாட்களில் வெறும் பாலும் பூவும் இருக்கும் அறைக்கு வருடம் முழுக்க நாளுக்கு 20 யூனிட் ஊற்றுவதில் அர்த்தமில்லை. ஆர்290 கேஸில் ஓடும் 600 லிட்டர் நிற்கும் ஃப்ரிட்ஜ் நான்கு வாங்கி, வேண்டியபோது நான்கையும், மற்ற நாளில் ஒன்றையும் ஓட்டுவது எல்லா வழியிலும் மேல்.

எப்போது செய்வது

புரட்டாசியில் நமது மக்களில் பெரும்பாலோர் கவுச்சியை விட்டுவிடுவதால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இறைச்சி, மீன் கடைகளின் ஃப்ரீசர் பாதி காலியாக இருக்கும். வெயிலும் ஏறியிருக்காது. ஃப்ரீசர் மெஷினை மாற்ற இதைவிட நல்ல நேரம் இல்லை. காய்கறிக் கடைக்கு இது தலைகீழ், அவர்களுக்கு அதுதான் சீசன். ஜூன், ஜூலையில் செய்யட்டும். மெஷினை அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆர்டர் செய்து, கதவு வேலையை அதற்கும் முன்பே முடித்திருக்க வேண்டும்.

விலைப்பட்டியல் வாங்கும்போது பழைய கேஸை எடுப்பதற்குத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரிக் கடையின் 7 கிலோ ஆர்404ஏ என்பது 27 டன். குழாயை வெட்டிக் காற்றில் விட்டால் புது மெஷின் அதைச் சேமித்து ஈடுகட்ட மூன்று வருடம் ஆகும். எடுத்த கேஸின் எடையையும் சிலிண்டர் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், அது போய்ச் சேரும் மீட்பு மையத்தின் ரசீதும் கையில் வந்த பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.